இசை படிப்பிக்கிறவர்களின் முகத்தைப் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒரு சமூக அமைப்பில் சனி, ஞாயிறுகளில் காசு வாங்காமல் பிள்ளைகளுக்கு இசை படிப்பிக்கிறார்கள். வாய்ப்பாட்டு, மிருதங்கம், வயலின், வீணை, புல்லாங்குழல், ஹார்மோனியம், அதோடு கூத்து மத்தளம், பறை, உடுக்கு எல்லாம் உண்டு. படிப்பிக்கிறவர்களில் பாடசாலை ஆசிரியர் இருக்கிறார், கோயிலில் வாசிக்கிறவர் இருக்கிறார், விடியக் கடலுக்குப் போய்விட்டுப் பின்னேரம் வந்து மத்தளம் சொல்லிக்கொடுக்கிற அண்ணாவியாரும் (கூத்துப் பழக்குகிற ஆசான்) இருக்கிறார். அவர்களின் முகங்களைக் கிடைக்கிற நேரத்தில் எடுத்து வந்தேன். அந்தப் படங்கள் மண்டபத்துச் சுவரில் ஏறியதிலிருந்து, காரைதீவு, திருக்கோவில், களுவாஞ்சிகுடி என்று இதே மாதிரி வகுப்பு நடத்துகிறவர்களும், கமராவோடு திரிகிற தம்பி தங்கைகளும் அதே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

என்னட்ட பெரிய கமரா இல்ல, போன் மட்டும்தான். அதால எடுத்தாக் காணுமா?

காணும். சுவரில் இருக்கிறவற்றில் மூன்று படங்கள் போனில் எடுத்தவை. சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள். போனின் பிரதான லென்ஸ் அகலமானது, முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் மூக்கு பெருத்து, காது பின்னுக்கு ஓடிவிடும். நாலைந்து அடி தள்ளி இருந்து 2 மடங்கு சூம் வைத்து எடுத்தால் முகம் முகமாகவே வரும். போர்ட்ரெய்ட் மோட் என்று ஒன்று இருக்கிறதே, அது பின்னணியை மங்கலாக்கும்போது வீணைத் தந்தியையும் வயலின் வில்லின் நுனியையும் சேர்த்து அழித்துவிடும், அதனால் வாத்தியக்காரருக்கு அது வேண்டாம். முகத்தை வழுவழுப்பாக்கும் ஃபில்டரையும் முற்றாக நிறுத்திவிடுங்கள். முப்பது வருஷம் பாடிய ஒருவரின் நெற்றிச் சுருக்கத்தை அழித்துவிட்டு எதைப் படமென்று கொடுப்பது?

கமரா வாங்கும் எண்ணம் இருந்தால், பழைய கமரா ஒன்றும் 50 மி.மீ எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் போதும். அந்த லென்ஸ் எல்லாக் கம்பனியிலும் மலிவான லென்ஸ்களில் ஒன்று, வெளிச்சம் குறைந்த வகுப்பறையில் மிச்சம் உதவும்.

முகத்தில உணர்ச்சி வரணும் எண்டு சொல்றீங்க. அத எப்படி வர வைக்கிற?

வர வைக்க முடியாது. "கொஞ்சம் உணர்ச்சியோட பாருங்க" என்று சொன்ன உடனே முகம் மரத்துப்போகும். தொடக்கத்தில் நானும் ஒவ்வொரு ஆசிரியராகக் கதிரையில் இருத்தி, மடியில் வாத்தியத்தை வைத்து எடுத்தேன். ஒரு மாதம் எடுத்த எல்லாப் படத்திலும் ஒரே முகம், அடையாள அட்டைக்கு இருக்கிற முகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து முடித்துப் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை வந்து வயலின் ரீச்சருக்கு முன்னால் இருந்து, அன்றைய கீதத்தை வாசித்துக் காட்டத் தொடங்கியது. ரீச்சர் தன் வில்லை மடியில் வைத்துவிட்டுக் கேட்டா. ஒரு சுரத்தைப் பிள்ளை நழுவவிட்ட இடத்தில் புருவம் ஒரு நூலளவு ஏறியது. அடுத்த சுற்றில் அதே இடம் சரியாக விழுந்தபோது கண்ணை மூடி, வாயை இறுக்கிக்கொண்டு, தலையை மெல்ல ஒரு பக்கம் சாய்த்தா. நான் கட்டிய பையைத் திரும்ப அவிழ்த்தேன்.

அன்றிலிருந்து நான் எடுப்பது கேட்கிற முகத்தைத்தான். மேடையில் வாசிக்கும்போது கலைஞருக்குப் பழகிய ஒரு முகம் இருக்கும், சபைக்கான முகம். பிள்ளை வாசிப்பதைக் கேட்கும்போது அது கழன்றுவிடுகிறது, ஏனென்றால் கவனம் முழுக்க அடுத்தவரின் விரலில் இருக்கிறது. ஆகவே ஆசிரியரைத் தனியாக இருத்தாதீர்கள். மாணவரை முன்னால் இருத்தி, அந்த மாணவரின் தோளுக்குப் பின்னால் நீங்கள் நிலத்தில் இருங்கள். அப்போது ஆசிரியரின் பார்வை கமராவுக்கு ஒரு கை அகலம் தள்ளி விழும், அது போதும். அந்தப் பிள்ளை வழமையாகத் தடுக்குகிற பாடத்தையே வாசிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, கொஞ்சமாவது தாளம் தெரிந்திருக்க வேண்டும். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணத் தெரிந்தாலே போதும். மிருதங்க வகுப்பில் முடிவில் வருகிற கோர்வை மூன்று தரம் சுற்றி வந்து சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில் விழும், அந்த இடத்துக்கு அடுத்த அரை நொடியில்தான் ஆசிரியரின் முகம் மலரும் அல்லது சுளிக்கும். எண்ணிக்கொண்டிருந்தால் விரல் தயாராக இருக்கும், எண்ணாவிட்டால் எப்போதும் ஒரு நொடி பிந்தித்தான் அமத்துவீர்கள். முதல் இருபது நிமிஷம் ஒரு படமும் எடுக்காமல் சும்மா இருந்து வகுப்பைப் பாருங்கள், எல்லாரும் உங்களை மறக்க அவ்வளவு நேரம் வேண்டும்.

எந்த நேரத்தில, எந்த இடத்தில எடுத்தா நல்லம்?

வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வரும் யன்னலோரம் அல்லது விறாந்தை. எங்கள் ஊர் வீடுகளின் விறாந்தை படமெடுக்கவே கட்டியது போல இருக்கும், மேலே கூரை வெயிலை மறைக்கும், திறந்த முன்பக்கமும் முற்றத்து மணலும் மெல்லிய வெளிச்சத்தை உள்ளே தள்ளும். ஆசிரியரை யன்னலுக்கு நேரே பார்க்க வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருத்துங்கள். ஒரு கன்னம் வெளிச்சத்திலும் மற்றது நிழலிலும் நிற்கும், கண்ணுக்குள் யன்னலின் சின்ன வெள்ளைப் புள்ளி விழும். அந்தப் புள்ளி இல்லாத கண் படத்தில் உயிரில்லாமல் கிடக்கும்.

நேரம் என்றால் காலை எட்டரைக்கு முன், பின்னேரம் நாலரைக்குப் பின். நாங்கள் நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிறோம், சூரியன் செங்குத்தாக ஏறுகிறது, அதனால் அந்த மஞ்சள் வெயில் நீண்ட நேரம் நிற்காது. சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டிய நாட்களில் உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும், அப்போது முற்றத்தில் எடுத்தால் கண்குழி இரண்டும் கருங்குழியாகத்தான் வரும். மாரி மழைக்காலத்து மூட்டமான பகல் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடிக்கும், வானமே ஒரு பெரிய வெள்ளைத் திரை மாதிரி நாள் முழுக்க ஒரே அளவில் வெளிச்சம் தரும்.

ரியூப் லைட்ல எடுத்தா படத்தில கோடு கோடா விழுது. கமரா பழுதா?

பழுதில்லை. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் பழைய ரியூப் லைட்டும் மலிவான எல்.ஈ.டியும் நொடிக்கு 100 தரம் மங்கி மங்கி எரிகின்றன. ஷட்டர் வேகம் (கமரா திறந்து மூடுகிற நேரம்) அதோடு ஒத்துப்போகாவிட்டால் கோடு விழும். 1/50 அல்லது 1/100 வையுங்கள், போனில் புரோ மோடில் இதை மாற்றலாம். அதை விட நல்ல வழி, யன்னலைத் திறந்துவிட்டு லைட்டை நிறுத்துவது. இரண்டு வெளிச்சமும் கலந்தால் ஒரு கன்னம் பச்சையாகவும் மற்றது நீலமாகவும் வரும், அதைப் பிறகு திருத்துவது பெரிய வேலை.

எங்கட ஆக்கள எடுத்தா ஒண்டு கறுத்துப் போகுது, இல்லாட்டி சுண்ணாம்பு பூசின மாதிரி வருது. ஏன்?

கமரா படத்திலுள்ள எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும், யாருடைய முகம் என்று அதற்குத் தெரியாது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட், வெள்ளைச் சுவர் என்று படம் முழுக்க வெள்ளை இருந்தால் எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும், முகம் கறுத்துப்போகும். இருண்ட மண்டபத்தில் இதற்கு எதிர்மாறு. ஆகவே வெளிச்ச அளவை முகத்தில் எடுங்கள். போனில் என்றால் திரையில் கன்னம் தெரிகிற இடத்தில் விரலை வைத்து அமத்திப் பிடித்தால் அளவு பூட்டப்படும், பிறகு மேலே கீழே இழுத்துச் சரிசெய்யலாம். வேட்டியின் வெள்ளை கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை.

நிறத்தைக் கூட்டிக் கொடுக்கச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். நான் செய்வதில்லை. கறுப்புத் தோலில் பக்க வெளிச்சம் விழும்போது எலும்பும் நரம்பும் வியர்வையும் காட்டுகிற அழகு வெளுத்த படத்தில் ஒருபோதும் வராது. ஒரு படத்தைச் சரியாக எடுத்து அச்சடித்துக் காட்டினால் கேட்டவர்களே அடங்கிவிடுகிறார்கள்.

மிருதங்கம் அடிக்கிற கை மங்கலா வருது, முகம் மட்டும் தெளிவா இருக்கு. பிழையா?

பிழையென்று யார் சொன்னது? விரல்கள் ஒவ்வொன்றும் நிற்க வேண்டுமென்றால் ஷட்டர் வேகம் 1/500 வேண்டும். 1/60க்கு இறக்கினால் கை மேகம் மாதிரிக் கரைந்து முகம் அசையாமல் நிற்கும், பல வேளைகளில் அதுதான் நல்ல படம், சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும். வெளிச்சம் காணாவிட்டால் கமராவின் வெளிச்ச உணர்திறனான ஐ.எஸ்.ஓவை 1600, 3200 என்று கூட்டப் பயப்படாதீர்கள். படத்தில் கொஞ்சம் மணல் மணலாக வருவதை யாரும் கவனிக்க மாட்டார்கள், அசைந்துபோன கண்ணை எல்லாரும் கவனிப்பார்கள்.

ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எங்க இருந்து எடுக்கிற? வாத்தியம் முகத்த மறைக்குது.

முதலில், நிலத்தில் இருங்கள். வாசிப்பவர் பாயில் இருக்கும்போது நீங்கள் நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலையும் வாத்தியமும்தான் வரும். கமரா அவருடைய கண் மட்டத்துக்கோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்க வேண்டும்.

வீணையில் குடம் வாசிப்பவரின் வலப்பக்கம், சுரைக்காய் இடத்தொடையில். தண்டிலுள்ள மெட்டுகளில் ஓடுகிற இடக்கையைத்தான் அவர் பார்ப்பார், ஆகவே வெளிச்சம் அவருடைய இடப்பக்கமிருந்து வரட்டும், குனிந்த முகத்தில் அது விழும். வயலினில் வில் போக இடம் விடுங்கள், கிட்டக் கிட்டப் போய் வில்லை நடுவில் வெட்டிவிடுகிறோம். வில் ஒரு பக்கம் போய்த் திரும்பும் முனையில் ஒரு கணம் அசையாமல் நிற்கும், அந்த இடத்தில் அமத்தினால் குறைந்த வேகத்திலும் தெளிவாக வரும். புல்லாங்குழல் நீளுகிற பக்கம் நின்றால் கையும் குழலும் முகத்தை மறைக்கும், மற்றப் பக்கம் மாறி இருங்கள். ஹார்மோனியக்காரரின் கண் கட்டைகளில் இருக்கும், பிள்ளை பாடத் தொடங்கும்போதுதான் நிமிர்வார், அந்த நிமிர்வுக்குக் காத்திருக்க வேண்டும். மிருதங்கக்காரர் இடந்தலையில் ரவையைப் பூசித் தட்டித் தட்டிச் சுருதி பார்க்கிற நேரத்தைத் தவறவிடாதீர்கள், காதைச் சாய்த்துக்கொண்டு உலகத்தை மறந்திருப்பார். நான் முன்னே சொன்ன கேட்கிற முகம் அங்கே தனியாகவே கிடைக்கும். அதே ஆசிரியர் வாத்தியத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தாளச் சொற்களை வாயால் சொல்லிக்கொடுக்கும்போது முகம் முழுக்க ஆடும், அதையும் எடுங்கள்.

ஐரோப்பிய வழிவந்த பறங்கிச் சமூகத்து வயலின்காரர் ஒருவரும் எங்களிடம் வருகிறார். மட்டக்களப்புப் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வாசித்துப் பழகியவர். அவர் நின்றுகொண்டுதான் வாசிப்பார், கால் தாளம் போடும், அதனால் அவரை முகத்தோடு மட்டும் வெட்டாமல் பாதம் வரை எடுத்தேன். ஒரே வாத்தியம் என்றாலும் ஆளுக்கு ஆள் உடம்பு வேறு என்பதை அவர்தான் எனக்குக் காட்டினார்.

பாடுறவங்கள எடுத்தா வாய் கோணலா, கண் பாதி மூடினபடி வருது.

பாடலின் நடுவில் எடுப்பதால். சொற்கள் ஓடும் இடத்தில் வாய் எந்த நேரமும் உருமாறிக்கொண்டிருக்கும். அகாரத்தில் நீட்டி நிற்கும் கார்வையில் எடுங்கள், அல்லது ஒரு வரி முடித்து மூச்சை உள்ளே இழுக்கும் இடத்தில். மூச்சு எடுக்கும் முகம் பாடும் முகத்தை விட எனக்கு எப்போதும் கிட்டவாகத் தெரியும். ஒலிவாங்கி வாயை மறைத்தால் வகுப்பறைக்கு அது தேவையே இல்லை, எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள்.

படத்துக்காக சும்மா வாசிக்கிற மாதிரி பிடிச்சாக் காணாதா?

காணாது. ஒரு முறை வீணை ரீச்சரிடம் "சும்மா கை வையுங்க, வாசிக்கத் தேவையில்லை" என்று சொன்னேன். அவ ஒன்றும் சொல்லாமல் கை வைத்தா. அச்சடித்த பிறகு படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த விரல் இந்த மெட்டில எந்த ராகத்திலயும் இப்படி நிக்காது மகன்" என்றா. அந்தப் படத்தைத் திரும்ப எடுத்தேன். உங்களுக்குத் தெரியாது, மற்ற வாத்தியக்காரருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். தந்திக்குச் சுருதி சேர்த்து, சுருதிப் பெட்டியைப் போட்டு, உண்மையாக வாசிக்கச் சொல்லுங்கள்.

இதே காரணத்தால் படத்தை இடம் வலமாகத் திருப்பவே கூடாது. போனின் முன் கமராவில் எடுத்தால் சில போன்கள் தாமாகவே திருப்பிச் சேமிக்கும், வீணைக் குடம் இடப்பக்கம் போய்விடும், மிருதங்கத்தின் வலந்தலை இடந்தலையாகிவிடும்.

முகம்தானே முக்கியம், கையையும் ஏன் எடுக்கணும்?

பழைய யாழ் எப்படிப் பிடிக்கப்பட்டது, அதன் தந்திகள் எப்படி ஒலித்தன என்று காட்ட யாழ் வாசித்த ஒருவர் கூட மிஞ்சவில்லை. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பழந்தமிழ் நூல்களைத் துழாவித் துழாவி, பல வருஷம் செலவழித்துத்தான் 1947இல் யாழ் நூலை வெளியிட்டார், அதே ஆண்டில் காலமும் ஆனார். இன்று உடுக்கின் கயிற்றை இறுக்கித் தளர்த்துகிற ஒரு கையை, மத்தளத்தில் விரல் விழுகிற விதத்தை, நாங்கள் ஐந்து நிமிஷத்தில் எடுத்து வைக்கலாம். முகத்தோடு சேர்த்து ஒவ்வொருவருக்கும் கைப்படம் ஐந்தாவது எடுங்கள்.

கூத்து அண்ணாவியார வேஷம் கட்டி எடுக்கவா, சாதாரணமா எடுக்கவா?

வேஷம் கட்டுவது கூத்தர்கள். அண்ணாவியார் வேட்டி சால்வையோடு மத்தளத்தைக் கட்டிக்கொண்டு கூத்தாடுகிற களரியில் நிற்பவர், கூத்துப் பாணி வடமோடியானாலும் தென்மோடியானாலும் அப்படித்தான். அவருக்குக் கிரீடமும் கூத்து உடுப்பும் போட்டு எடுத்தால் அது அவர் இல்லை. எங்கள் அண்ணாவியாரை நான் சாரத்தோடு, சல்லரி (கைத்தாளம்) போடுகிற பெடியனைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எடுத்தேன். பாட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் பிற்பாட்டுப் பாட, தாளம் பிசகுமா என்று ஒரு காதால் பார்த்துக்கொண்டு நிற்கிற முகம் அது.

பறையும் உடுக்கும் கோயில் சடங்கில வாசிக்கும்போதுதானே உண்மையான உணர்ச்சி? அங்க போய் எடுத்தா என்ன?

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் கோயில்களில் உடுக்கோடு பாடுகிறவரின் முகம் வேறெங்கும் கிடைக்காதுதான். ஆனால் அங்கே அவர் உங்களுக்காகவோ எனக்காகவோ வாசிக்கவில்லை. கோயில் நிர்வாகத்திடமும் சடங்கு நடத்துகிற கட்டாடியாரிடமும் முதலே கேளுங்கள், சில இடங்களில் ஓரளவுக்கு விடுவார்கள், சில இடங்களில் விடவே மாட்டார்கள், விடாவிட்டால் கமராவைப் பையில் வைத்துவிட்டுக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். ஃபிளாஷ் எந்த நிலையிலும் வேண்டாம். உருவேறி ஆடுகிறவரின் முகத்தைக் கிட்டப் போய் எடுப்பது சரியென்று எனக்குப் படவில்லை, அந்த நேரத்தில் அவரிடம் சம்மதம் கேட்க முடியாதே. வகுப்பில் அதே ஆள் பிள்ளைக்கு உடுக்கை எப்படிப் பிடிப்பதென்று காட்டும்போது எடுத்தால் அவருக்கும் மனம் ஒப்பும்.

பறையைப் பற்றி இன்னொன்று. பறை அடிக்கிறவரை எங்கள் சமூகம் எங்கே நிறுத்தி வைத்திருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே சுவரில் வைக்கும்போது பறை ஆசிரியரின் படமும் வீணை ஆசிரியரின் படமும் ஒரே அளவு, ஒரே சட்டம், ஒரே உயரம். கீழே பெயரும் "ஆசிரியர்" என்ற சொல்லும் இருவருக்கும் ஒரே மாதிரி. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

"நான் வடிவில்ல தம்பி, என்ன எடுக்க வேணாம்" எண்டு ரீச்சர் சொல்றா. என்ன செய்ய?

வற்புறுத்தாதீர்கள். அடுத்த கிழமையும் போங்கள், அதற்கடுத்த கிழமையும் போங்கள், பிள்ளைகளின் கைகளை எடுங்கள், அவவுடைய வாத்தியத்தை மட்டும் எடுத்து அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். அப்புறம் அவவாகவே கேட்பா. கேட்காவிட்டாலும் சரி.

எங்கள் ஊரில் எத்தனையோ கலைஞர்களுக்கு நல்ல படம் ஒன்று கூட இல்லை. இறந்த பிறகு மரண அறிவித்தலுக்குத் தேடி, கடைசியில் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போடுகிறார்கள், அல்லது யாரோ கலியாண வீட்டுக் கூட்டப் படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். போரிலும் 2004 சுனாமியிலும் வீட்டு அல்பங்களே போன குடும்பங்கள் கரையோரம் முழுக்க இருக்கின்றன. அதை நினைத்துத்தான் நான் இந்த வேலையை விடாமல் செய்கிறேன், ஆனால் அதைச் சொல்லி யாரையும் கமராவுக்கு முன்னால் இழுப்பதில்லை.

மழைக்காலத்தில லென்ஸ்ல பூஞ்சணம் பிடிக்குது. கடல்காத்தும் இருக்கே.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், மாதம் ஒரு முறை அதை மாற்றுங்கள். அல்மாரியில் துணியோடு வைக்க வேண்டாம். ஏசி அறையிலிருந்து வெளியே வந்த உடனே லென்ஸ் வியர்க்கும், பையைத் திறக்காமல் இருபது நிமிஷம் பொறுங்கள்.

கல்லடிப் பாலம், வாவிக்கரை எல்லாம் இருக்கே. ஏன் அங்க கொண்டுபோய் எடுக்கல்ல?

மீன் பாடும் வாவிக்குப் பக்கத்தில் இசைக்காரரை நிறுத்த யாருக்குத்தான் ஆசை வராது. நானும் இரண்டு பேரைக் கொண்டுபோனேன். கச்சான் காற்று சால்வையையும் தலைமயிரையும் அள்ளிக்கொண்டு போனது, வெயிலுக்குத் தோல் இறுகி மிருதங்கத்தின் சுருதி ஏறியது, போகிற வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்ததில் ஆசிரியர் கூசிப்போனார். பாலம் நன்றாக வந்தது, முகம் வரவில்லை. அவருக்கே உரிய இடம் எது என்று அவரிடமே கேளுங்கள். ஒருவர் தன் வீட்டு மாமரத்தடியைச் சொன்னார், சின்னதில் தகப்பனிடம் அங்கே இருந்துதான் படித்தாராம்.

வகுப்பில எடுக்கச் சொல்றீங்க, பிள்ளைகளும் படத்தில வாறாங்களே?

மேலே சொன்னபடி மாணவரின் தோளுக்குப் பின்னால் இருந்து எடுத்தால் பெரும்பாலும் பின்தலையும் கையும்தான் வரும். முகம் தெரிந்தால் தாய் தகப்பனிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், தமிழில், எங்கே எங்கே பயன்படுத்துவோம் என்று தெளிவாக எழுதி. சுவருக்குச் சம்மதித்தவர் முகநூலுக்குச் சம்மதித்ததாக ஆகாது. பிள்ளையின் பெயரும் ஊரும் பாடசாலையும் சேர்த்து ஒரு இடத்திலும் போட வேண்டாம். வகுப்பின் முதல் நாளே பதிவுப் படிவத்தோடு இதையும் வைத்துவிட்டால் பிறகு அலையத் தேவையில்லை.

சங்கத்துக்குச் சும்மா எடுத்துக் குடுத்தன். படம் ஆருக்குச் சொந்தம்?

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி புகைப்படமும் ஒரு படைப்பு, பொதுவாக உரிமை எடுத்தவருக்கு. நீங்கள் அந்த அமைப்பில் சம்பளத்துக்கு வேலை செய்து, அந்த வேலையின் பகுதியாக எடுத்திருந்தால் கணக்கு மாறும். சட்டம் எப்படியிருந்தாலும் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்: அமைப்பு எதற்குப் பயன்படுத்தலாம், எடுத்தவர் பெயர் போட வேண்டுமா, விற்கலாமா. படத்தில் இருப்பவருக்கும் அந்தத் தாளில் ஒரு கையெழுத்து இருக்க வேண்டும் என்பது என் கட்டாயம், முகம் அவருடையது.

கொடுக்கும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டொக்யூமென்டாக அனுப்புங்கள் அல்லது பென் டிரைவில் கொடுங்கள். 12க்கு 18 அங்குலத்தில் நல்ல அச்சு வேண்டுமென்றால் 3600க்கு 5400 பிக்சல் இருந்தால் திறம், அதில் பாதியளவுக்கு மேல் இருந்தாலும் சுவரில் தூர நின்று பார்க்கக் குறை ஒன்றும் தெரியாது.

கறுப்பு வெள்ளையாக்கினா உணர்ச்சி கூடுமா?

கூடாது. இருப்பது தெளிவாகத் தெரியலாம், அவ்வளவுதான். பச்சை பூசிய சுவர், சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை எல்லாம் கண்ணை இழுத்தால் மாற்றுவேன். பட்டுச்சேலையின் நிறமோ பழைய வீணையின் பலாமரத்து மஞ்சளோ படத்தில் பேசினால் அப்படியே விடுவேன்.

உதவி தாறவங்களுக்கு அனுப்பணும். கொஞ்சம் கஷ்டத்தையும் காட்டினாத்தானே காசு வரும்?

இதை அமைப்பு நடத்துகிறவர்களே கேட்கிறார்கள், அவர்களின் கவலை எனக்கு விளங்குகிறது. வாத்தியம் பழுது, கூரை ஒழுகுகிறது, அதையெல்லாம் எடுங்கள், கூரையைக் கூரையாக எடுங்கள். ஆனால் இருபது வருஷம் படிப்பித்த ஒருவரைக் கிழிந்த பாயில் இருத்தி, மேலேயிருந்து, வானத்தைப் பார்க்கச் சொல்லி எடுக்காதீர்கள். அவர் அங்கே உதவி வாங்க வரவில்லை, கொடுக்க வந்தவர். எங்களிடம் ஒரு முறை அப்படிப் படம் கேட்டார்கள். மறுத்துவிட்டு, அண்ணாவியாரும் பிள்ளைகளும் களரியில் நிற்கிற படத்தை அனுப்பினோம், கீழே என்னென்ன வேண்டும் என்று எண்ணிக்கையோடு எழுதி: மத்தளம் 2, சல்லரி 4 சோடி. மத்தளம் வந்தது.

எனக்குத் திறம் எண்டு பட்ட படம் அவருக்குப் பிடிக்கல்ல. எதப் போட?

அவருக்குப் பிடித்ததை. உங்களுக்குப் பிடித்ததை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், காட்டாதீர்கள். முகம் யாருடையது என்ற கேள்விக்கு மேலே பதில் சொல்லிவிட்டேன்.

ஆனால் உடனே அழித்துவிட வேண்டாம். மிருதங்க ஆசிரியர் ஒருவருக்குக் கண்ணை மூடிக் காதைச் சாய்த்திருந்த படம் பிடிக்கவில்லை, "நித்திரை கொள்ற மாதிரி கிடக்கு" என்றார், நேரே பார்த்துச் சிரிக்கிற படத்தைத்தான் சுவரில் வைத்தோம். ஒரு வருஷம் கழித்து அவருடைய மனிசி மண்டபத்துக்கு வந்தபோது, மடிக்கணினியில் மற்றதையும் கண்டுவிட்டா. "இதுதான் அவர். வீட்டில விடிய நாலு மணிக்கு இப்பிடித்தான் இருப்பார்" என்றா. அவரிடம் கேட்டுவிட்டு ஒரு பிரதி அச்சடித்துக் கொடுத்தேன். சுவரில் சிரிக்கிற படம் அப்படியே இருக்கிறது, மற்றது அவர்கள் வீட்டில், அவர் சாதகம் பண்ணுகிற அறையில் இருக்கிறது.